சாமந்திக்கல்

பராமரிப்புப் பணி, காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை மின்சாரம் இருக்காது என்று நேற்றே பேப்பரில் போட்டிருந்தது. எட்டே முக்காலுக்கே போய்விட்டது. இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம் முனகிப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குள் அதுவும் அடங்கியது. மூன்று வருஷமாக அந்த ஹாலில் சத்தமில்லாத நேரம் என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்தடிக் கண்ணாடித் தொட்டி, அதன் பம்பு, அலை கிளப்புகிற விசிறி, தண்ணீரைக் குளிர வைக்கும் பெட்டி, கீழே வடிகட்டிக்குள் ஓயாமல் சொட்டுகிற சொட்டு, இவை எல்லாம் சேர்ந்த ஒரு இரைச்சலைத்தான் இத்தனை நாளும் வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அது நின்றதும் காதுக்குள்ளிருந்து ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. கணவர் அமலதாசன் ஆபீஸிலிருந்து உடனே போன் செய்துவிட்டார். "ஜெசி, பாத்ரூம் மக்கை எடுத்துடாதே, சோப்பு இருக்கும். கிச்சன்ல புது ஜக்கு வச்சிருக்கேன் பாரு. அதுல மொண்டு ஒரு அடி உயரத்துலேர்ந்து ஊத்து. தண்ணிக்குள்ள காத்து போகணும். ஃப்ரீசர்ல ஐஸ் பாட்டில் இருக்கு, ஒண்ணொண்ணா மிதக்க விடு. விட்டுடாதே. மூணு மணிக்கு டெம்போ வந்துடும், அதுவரைக்கும் உயிரோட இருந்தா போதும்." அவள் சரி என்றாள். நாற்பது வருஷமாக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அது நாக்கில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, கூப்பிட வேண்டியதே இல்லை.

மொண்டாள், ஊற்றினாள். வலது தோள் மூன்று மாதமாக மேலே போக மறுக்கிறது, இடது கையால் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. தண்ணீர் விழும் இடத்தில் குமிழ்கள் வெள்ளையாகக் கலைந்து பக்கத்தில் போய் அடங்கின. நீல விளக்கு இல்லாமல் தொட்டி வேறு மாதிரி இருந்தது, அலங்காரத்தைக் கலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற கல்யாணப் பெண்ணைப் போல. பச்சையும் ஊதாவுமாக மினுங்கியதெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் பழுப்பாக, சகதியாக, அது அதுவாகத் தெரிந்தது. இடது மூலையில் இருக்கிற பெரிய கிளைப் பவளங்கள் கொளத்தூர்க் கடையில் வாங்கியவை, இந்தோனேசியாவிலிருந்து வந்தவை, காகிதம் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார், அந்தக் காகிதத்தை யாரும் பார்த்ததில்லை. அங்கேயும் ஒருத்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பெயர்த்திருப்பான், அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள். நடுவில், மணல்மேல், அந்த மூன்று கற்கள். ஒவ்வொன்றும் ஒரு தேங்காய்மூடி அளவு. கல்லின் உடம்பெங்கும் விரல் நீளத்துக்குத் தண்டுகள், தண்டின் நுனியில் இதழ் விரித்த சின்னச் சின்னப் பூக்கள், நூறு, இருநூறு, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒரே பக்கமாக நிமிர்ந்து. பூ என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். ஒவ்வொன்றும் ஒரு வாய். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பத்தோரு வருஷம் நடத்தியிருக்கிறாள், குழியுடலிகள், ஒரே வாய், உண்பதும் அதன் வழியே, கழிப்பதும் அதன் வழியே. பின்வரிசையில் ஒருத்தி எப்போதும் சிரிப்பாள். இந்த மூன்றும் தூத்துக்குடியிலிருந்து வந்தவை. கொண்டுவந்தது அவள் தம்பி கித்தேரியான். அவன் பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான், இன்றோடு ஒன்பது நாள்.

ஒன்பது நாளும் அவள் சாப்பிட்டாள். அதுதான் ஆச்சரியம். இட்லி ஊற்றினாள், பூசைக்குப் போனாள், நற்கருணை வாங்கினாள், சாமியார் 'கிறிஸ்துவின் உடல்' என்றபோது 'ஆமென்' என்றாள், நாக்கை நீட்டினாள், ஒரே வாய். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, கடலிலிருந்து கல் எடுத்தான், பிடித்தார்கள். கல் எடுப்பது அவர்கள் வீட்டில் புதிதா? அப்பா எடுத்தார், அப்பாவைப் பெற்றவர் எடுத்தார், வள்ளம் வள்ளமாக முருகைக்கல் என்கிற பவளப்பாறையைக் கடப்பாரையால் நெம்பிக் கொண்டுவந்து கரையில் குவித்தார்கள், அதைச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுபோக லாரி வந்தது, லாரிக்குச் சொந்தக்காரர்கள் மாடி வீடு கட்டினார்கள், அந்த வீட்டுக்கும் அதே கல், கோயில் மதிலுக்கும் அதே கல். யாரையும் யாரும் பிடிக்கவில்லை. இரண்டு தீவு கடலுக்குள் போய்விட்டது, அதற்குப் பிறகு கண் விழித்துப் பார்த்துச் சட்டம் போட்டார்கள். சட்டம் நல்ல சட்டம். அவளே அதை வகுப்பில் நடத்தினாள், கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டாள், பவளத்திட்டுகள் கடலின் மழைக்காடுகள், அவற்றைச் சேதப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம். எழுதின அன்றைக்கு அப்பாவை நினைத்துக்கொண்டாளா? நினைத்தாள். நினைத்துவிட்டுச் சாக்கட்டித் தூளைத் தட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனாள்.

அந்த மூன்று கற்களுக்குச் சாமந்திக்கல் என்ற பெயர் எப்படி வந்தது என்பதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. அவளுக்குப் பத்து வயது, கித்தேரிக்கு ஆறு. கடல் வற்றுகிற நாளில் தீவுக்குப் பக்கத்தில் அப்பா வள்ளத்தை நிறுத்தியிருந்தார், தண்ணீர் அவள் இடுப்பளவு, அவனுக்குக் கழுத்தளவு, அவனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நடந்தாள். அவன்தான் முதலில் பார்த்தான். "எக்கா, சாமந்தி! எக்கா, கடலுக்குள்ள யாரு சாமந்தி நட்டா?" குனிந்து பார்த்தாள், ஒரு பாறை முழுக்கப் பூ. கையை நீட்டினாள், பூ மறைந்தது, வெறும் சொரசொரப்பான கல். கையை எடுத்தாள், மறுபடி பூ. அன்றைக்கு முழுக்க அதுதான் விளையாட்டு, நீட்டுவதும் எடுப்பதும். சாமந்திக்கல் என்று இரண்டு பேரும் பெயர் வைத்தார்கள். அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் கடப்பாரை வரும். ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. கல்லூரிக்கு வந்த பிறகு புத்தகத்தில் அதன் லத்தீன் பெயரைப் பார்த்தாள், கோனியோபோரா, படத்தைப் பார்த்ததும் விடுதி அறையில் தனியாகச் சிரித்தாள். உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்திருந்த பெயர் அது, இப்போது ஒருத்தன் ஜெயிலில் இருக்கிறான், ஒருத்தி ஜக்கோடு நிற்கிறாள்.

மொண்டாள், ஊற்றினாள். தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து நைட்டிக்குள் போனது. உப்பு. கடலுக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு இந்த மனிதர் மூட்டை மூட்டையாக வெளிநாட்டு உப்பு வாங்கிச் சுத்திகரித்த தண்ணீரில் கரைத்துக் கடல் தயார் செய்கிறார். அவருடைய நண்பர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார்கள், எல்லோரும் படித்தவர்கள், ஒரு பல் டாக்டர், ஒரு ஆடிட்டர், ஐ.டி.யில் இருக்கிற இரண்டு பேர். தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருவார்கள். அவள் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொடுப்பாள். "கடல் சூடாயிட்டே போகுது சார்," என்று பல் டாக்டர் சொல்வார், "இன்னும் முப்பது வருஷத்துல எல்லாம் வெளுத்துடும். அப்ப யார் வீட்டுல உயிரோட இருக்கும்? நம்ம வீட்டுலதான். நாம திருடல சார், காப்பாத்தறோம்." அதில் பாதி உண்மை. பாதி உண்மையோடுதான் பேசவே முடிவதில்லை, முழுப் பொய்யாக இருந்தால் பதில் சொல்லிவிடலாம். இழுவைப் படகு ஒரு இழுப்பில் உடைக்கிறதை கித்தேரி ஆயுசு முழுக்க முங்கினாலும் உடைக்க முடியாது, அதுவும் உண்மை. துறைமுகத்துக்குத் தோண்டுகிறார்கள், அதற்கு அனுமதி இருக்கிறது. அனுமதி இருக்கிறவன் உடைத்தால் வளர்ச்சி. ஆனால் இந்தச் சாமந்திக்கல் தொட்டியில் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்குவதில்லை, அதற்கு என்ன சாப்பாடு வேண்டும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, பூத்தபடியே பட்டினி கிடந்து சாகும், இது அந்த டாக்டருக்கும் தெரியும். "கோனியோபோரா ஒண்ணு செத்தா இன்னொண்ணு வாங்கிக்க வேண்டியதுதான், ரோஜாச்செடி மாதிரி," என்று சொல்லி அவரே சிரித்தார். அமலதாசனும் சிரித்தார். பஜ்ஜித் தட்டோடு நின்றவளும் சிரித்தாளா? சிரித்திருப்பாள். விருந்தாளி சிரித்தால் சிரிப்பது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில்தான் அமலதாசன் கேட்டார். "உன் தம்பி இன்னும் சங்கு குளிக்கத்தானே போறான்? இந்த கோனியோபோரா உங்க பக்கம் இருக்குன்னு டாக்டர் சொல்றார். படம் அனுப்பினேன், அவனுக்குப் புரியல. எல்லாம் ஒரே கல்லா இருக்குங்கறான். நீங்க அதுக்கு என்னதான் பேர் சொல்வீங்க?" ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது சட்டப்படி குற்றம் என்று சொல்லியிருக்கலாம், கரும்பலகையில் எழுதினவள்தானே. அவர் போனை எடுத்து அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "எக்கா, சொல்லுக்கா," என்றான் அவன், பின்னால் அலைச் சத்தம், அக்கா குரல் கேட்கிற சந்தோஷம், ஆறு மாதமாக அவள் பேசியிருக்கவில்லை. "சாமந்திக்கல்லுடா," என்றாள். அவன் சிரித்தான். "அதுவா? அத இவ்வளவு நாளா அத்தானுக்குச் சொல்லத் தெரியலயா? அது எனக்குத் தெரியும்லா. கண்ணைக் கட்டி விட்டாலும் எடுத்துட்டு வருவேன்." அவர் போனைத் திருப்பி எடுத்துக்கொண்டார், மீதியை அவர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் அவருக்கு மோர் எடுக்கப் போனாள். அந்த ஒரு சொல். அதற்கு முன்னால் அவனுக்குக் கடலில் இருப்பதெல்லாம் கல். அந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தக் கல் என்று தெரிந்தது. நான் என்ன செய்தேன், ஒன்றும் செய்யவில்லை, மோர் எடுக்கப் போனேன் என்று ஒன்பது நாளாக மனசு ஒரு வாசலில் நிற்கிறது, நின்று நின்று உள்ளே போகாமல் திரும்பி வந்து மறுபடி அங்கேயே நிற்கிறது.

முதல் பெட்டியில் வந்தது நாற்றம்தான். அவனுக்குத் தெரிந்த விதத்தில் பத்திரமாக அனுப்பியிருந்தான், நண்டு அனுப்புகிற மாதிரி, சீலா மீன் அனுப்புகிற மாதிரி, தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஐஸ், மேலே ஐஸ், நடுவில் சாமந்திக்கல். கடலில் பிறந்து வளர்ந்தவன் எந்தப் பொருளும் கெடாமல் இருக்க ஐஸ் என்றுதான் நினைப்பான், உயிரோடு அனுப்புவது என்கிற ஒன்று அவன் தொழிலிலேயே இல்லை. திறந்தபோது சளிபோல ஏதோ கல்லிலிருந்து வழிந்தது. அமலதாசன் போனில் கத்தினார். "முட்டாளா நீ, ஐஸ்ல போடுவாங்களா?" அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "கோவிச்சுக்காதீங்க அத்தான், தின்னுததுக்குன்னு நெனச்சிட்டேன்." பிறகு அவர் சொல்லிக் கொடுத்தார். கடல் தண்ணீரிலேயே கட்டு, பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்ஸிஜன், வெல்டிங் பட்டறையில் சிலிண்டர் இருக்கும் பார், ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டு. நன்றாகக் கற்றுக்கொண்டான். இரண்டாவது பெட்டி உயிரோடு வந்தது, அதுதான் இந்த மூன்று. மூன்றாவது பெட்டியை பஸ்ஸில் ஏற்றப் போனபோது வனத்துறைச் சோதனை. ஐஸ் பெட்டியாக இருந்தால் யாரும் மூடியைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள், அந்த ஊரில் ஐஸ் பெட்டியை யார் பார்ப்பார்கள். பலூன்போல உப்பிய பை மூடியை முட்டிக்கொண்டு நின்றது. "என்னலே இது?" "எக்கா வீட்டுக்கு மீனு சார்." "செத்த மீனுக்கு எதுக்குலே ஆக்ஸிஜன்?" சிரித்தானாம். அவன் மனைவி சலேத்மேரி சொன்னாள், இந்த மனுசன் எப்பவும் மாட்டிக்கிட்டா சிரிப்பாரு மதினி, அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் ஓங்கி அறைஞ்சிருக்காவ.

வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு என்ன பட்டியலோ பவளத்துக்கும் அதே பட்டியல். புலியைக் கொன்றவனும் யானையைக் கொன்றவனும் கித்தேரியும் சட்டத்தின் ஒரே பக்கத்தில். மூன்று வருஷத்துக்குக் குறையாது, ஏழு வரைக்கும் போகலாம். ஜெயிலில் பக்கத்துப் பாய்க்காரன் கேட்டானாம், "என்னலே பிடிச்ச, புலியா?" இவன் சொன்னானாம், "சாமந்திப்பூ." எல்லோரும் சிரித்தார்களாம். வைத்திருப்பவருக்கும் அதே தண்டனை, அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அவளுக்கே தெரியும். வாங்கியவர், வைத்திருந்தவர், உதவியவர். யாருக்காக எடுத்தாய் என்று நாலு தடவை கேட்டிருக்கிறார்கள். நாலு தடவையும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தானுக்காக அவன் தலை குனிவானா என்ன? அத்தானைச் சொன்னால் அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருக்கிறாள். அவளுக்குப் பென்ஷன் நிற்கும். அவள் படித்தவள், குடும்பத்தில் முதலில் பி.எஸ்.ஸி. படித்தவள், அவள் படிப்பதற்காக அவன் எட்டாம் வகுப்போடு நின்று வள்ளத்தில் ஏறினவன். ஜக்கு கனத்தது. தோள் செத்துவிட்டது. எதற்காக ஊற்றுகிறேன்? மூன்று மணிக்கு டெம்போ வரும், எல்லாவற்றையும் ஈ.சி.ஆரில் டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், அதற்குப் பிறகு இந்தத் தொட்டியில் பேருக்குத் தங்கமீன் விட்டுவைப்பார்கள், கித்தேரி யாருக்காக எடுத்தான் என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது. நான் காப்பாற்றுவது இவற்றையா? இந்த வீட்டின் மானத்தைக் கரையேற்றிவிட ஜக்கு ஜக்காகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஜக்கைக் கீழே வைத்தாள். சாகட்டும். செத்தால் என்ன, அதைத்தானே கடைசியில் செய்யப் போகின்றன. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். பதினொன்றரை வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டிப் போட்டிருந்தது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நடுக்கல்லில், ஓரத்தில் இருந்த ஒரு பூ இதழைச் சுருக்கிக்கொண்டது. அடுத்தது. அதற்கடுத்தது. யாரோ கையை நீட்டிவிட்ட மாதிரி. இப்போது யாரும் நீட்டவில்லை, தண்ணீருக்குள் மூச்சு குறைகிறது, அவ்வளவுதான். நண்டு ஒன்று கல்லடியிலிருந்து வெளியே வந்து தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் ஏறி நின்றது, அதற்கும் தெரிந்துவிட்டது. அப்பா ஒருமுறை சொன்னார், கரையில் குவித்த முருகைக்கல் வெயிலில் காயும்போது ஒரு சத்தம் வரும், சளசளவென்று, நூறு பேர் மெல்லுகிற மாதிரி, அந்தச் சத்தம் அடங்குகிறவரைக்கும் அவர் சாப்பிட மாட்டாராம். அவர் அதை ஏன் தன்னிடம் சொன்னார் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. இரண்டாவது கல்லிலும் பூக்கள் மூடத் தொடங்கின. ஒரு நிமிஷம் இருந்தாள். இன்னொரு நிமிஷம். கை தானாக ஜக்கை எடுத்தது. இந்தக் கையை என்ன செய்வது? முப்பத்தோரு வருஷம் நல்லது சொல்லிக்கொடுத்த கை, மோர் எடுத்த கை, எதையும் சாகவும் விடத் தெரியாது, காப்பாற்றவும் தெரியாது. மொண்டாள், ஊற்றினாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை, தோள்தான் வலித்தது.

பன்னிரண்டுக்கு சலேத்மேரி பேசினாள். பாளையங்கோட்டையிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் இருந்தாள், மனு போட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள், பின்னால் கண்டக்டர் விசில். "மதினி, பார்த்துட்டு வாரேன். மெலிஞ்சு போயிட்டாரு. தாடி வச்சிருக்காரு, நல்லாவே இல்ல. காது ஒண்ணு இன்னும் சரியாக் கேக்கல, அறைஞ்சதுலயா முங்கினதுலயான்னு தெரியல." ஜெசிந்தா ஜக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "எதாச்சும் சொன்னானா?" "என்ன சொல்லுவாரு? பத்து நிமிசம் தாராவ, அதுல அஞ்சு நிமிசம் என்னையப் பார்த்துச் சிரிச்சிக்கிட்டே இருந்தாரு. பெறவு, எக்காகிட்ட கேளு, அந்தக் கல்லு உயிரோட கெடக்கான்னாரு. நாங்க இங்க சோறு எறங்காம கெடக்கோம், இவரு கல்லைக் கேக்காரு. கெடக்கா மதினி?" "கிடக்கு." "நல்லாருக்கட்டும்," என்றாள் சலேத்மேரி. அந்த இரண்டு சொல்லில் என்ன இருந்தது என்று பிரித்துப் பார்க்கத் தைரியமில்லை. பஸ் குலுங்குவது கேட்டது. "ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீய. உங்க வீட்டு அண்ணன் வக்கீல் பார்க்கப் போறேன்னு சொன்னாவளே, யாருக்கு?" "உன் வீட்டுக்காரருக்குத்தான்." "அப்படியா? எங்க வக்கீலம்மா சொன்னா, மெட்ராசுல இருந்து இதுவரைக்கும் ஒரு போனு வரலன்னு. அதான் கேட்டேன். சரி மதினி, டவர் போவுது." டவர் போகவில்லை. அவளாகத்தான் வைத்தாள்.

ஜெசிந்தா அமலதாசனை அழைத்தாள். நாற்பது வருஷத்தில் வேலை நேரத்தில் அவரை அவளாக அழைத்தது விரல்விட்டு எண்ணக்கூடியது. "என்ன, ஏதாவது செத்துடுச்சா?" என்றார். "இல்ல. வக்கீலைப் பாத்தாச்சா?" "பாத்தேன், பாத்தேன். நல்ல மனுஷன். வீட்டை முதல்ல சுத்தம் பண்ணுங்க சார்ங்கறார். டெம்போவை மூணு வரைக்கும் வெச்சுக்க வேண்டாம்னு ஒன்றரைக்கே வரச் சொல்லிட்டேன். அந்த மூணு கல்லை மட்டும் தனி வாளியில போட்டு வை." "கித்தேரிக்கு என்ன சொல்றார்?" அங்கே ஃபேன் ஓடுவது கேட்டது, அங்கே மின்சாரம் இருந்தது. "ஜெசி, முதல்ல நாம தப்பிக்கணும். நாம வெளியில இருந்தாதானே அவனுக்கு ஏதாவது செய்ய முடியும்? அவன் பழகினவன், தாங்கிடுவான். நீ தாங்குவியா?" அதிலும் பாதி உண்மை. அவள் தாங்க மாட்டாள். ஜெயில் கக்கூசை நினைத்தாலே போதும். "சரி," என்றாள். வைத்த பிறகும் அந்தச் சொல் ஹாலில் நின்றது. வாயைத் துடைத்துக்கொண்டாள். போய் வாசல் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டாள். ஏன் போட்டாள் என்பது போட்ட பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்து ஐந்து ஜக்கு ஊற்றினாள், பிறகு ஃப்ரீசரிலிருந்து இன்னொரு பாட்டில் எடுத்து மிதக்க விட்டாள், பிறகு ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, சலேத்மேரி போன வாரம் அனுப்பி அவள் ஒருமுறைகூடத் தொடாத அந்த எண்ணைத் தொட்டாள்.

இலவசச் சட்ட உதவியில் இருக்கிற வக்கீல், சின்னப் பெண் குரல், சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் போல, வாயில் எதையோ விழுங்கிவிட்டுப் பேசினாள். ஜெசிந்தா யார் என்று சொன்னாள். எந்தத் தெரு, எத்தனையாவது மாடி என்று சொன்னாள். மூன்று கல் இங்கே இருக்கிறது, உயிரோடு, ஒன்றரை மணிக்கு எடுத்துப்போக வருகிறார்கள், நான் கதவைத் திறக்கப் போவதில்லை, வனத்துறையில் யாரிடம் சொல்ல வேண்டுமோ நீங்களே சொல்லிவிடுங்கள். எந்தக் கல்லை எடுக்க வேண்டும் என்று அவனுக்கு அடையாளம் சொன்னது நான். வகுப்பில் பாடம் சொல்வதுபோல ஒரே சீராகச் சொல்லி முடித்தாள், குரல் நடுங்காதது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் மூடும் சத்தம். "மேடம், நான் உங்க தம்பிக்கு வக்கீல், அதனால நேராச் சொல்லிடுதேன். இதனால அவருக்குத் தண்டனை குறையும்னு நினைக்காதீங்க. ஜாமீன் மனுவுல ஒரு வரி சேக்கலாம், வேற ஆளுக்காகச் செஞ்சாருன்னு. அதுவும் ஜட்ஜ் மனசு. மத்தபடி கேஸ்ல ஒரு ஆள் கூடும், அவ்வளவுதான். அவரு இதுக்காகத்தான் வாயே திறக்காம இருக்காரு. தெரிஞ்சா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு." "தெரியும்." "யோசிச்சிட்டு நாளைக்குக் கூப்பிடுங்களேன்." "ஒன்பது நாள் யோசிச்சாச்சும்மா. நாளைக்கு இங்கே கல் இருக்காது."

கதவைத் தட்டினார்கள். மின்சாரம் இல்லாததால் மணி அடிக்க முடியாமல் உள்ளங்கையால் தட்டினார்கள். "சார், டெம்போ!" மணி ஒன்றுகூட ஆகவில்லை. அவள் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வக்கீல் பெண் பேனா எடுத்துவிட்டாள். "சரி மேடம், உங்களைப் பத்தி எழுதிக்கிடுதேன். பேரு ஜெசிந்தா. வயசு?" "அறுபத்தொண்ணு." "வேலை?" "உயிரியல் ஆசிரியை. ரிடையர்டு." "கணவர் பேரு?" மறுபடி தட்டினார்கள், இந்த முறை பலமாக, பக்கத்து ஃபிளாட் கதவு திறக்கிற சத்தமும் கேட்டது. காதில் வைத்திருந்த போன் இடையில் வந்த அமலதாசனின் அழைப்பால் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது.

"அவர் பேரை அவரே வந்து சொல்லட்டும்," என்றாள். "தகப்பனார் பேரு போட்டுக்கிடுங்க. புதுசா எழுத வேண்டாம், தம்பி பேருக்குக் கீழே ஏற்கெனவே இருக்கும்."

அந்தப் பக்கம் தாள்கள் புரண்டன.

"ஆமா மேடம்," என்றாள் வக்கீல், "இருக்கு."